அடுத்த கை

மினியாபொலிஸ் பக்கத்தில் ஆன்சைட்டில் இருந்த இரண்டாவது வருஷம். ஏப்ரல் மாதம், பனி இன்னும் முழுசாக உருகியிருக்கவில்லை. எங்கள் டீமில் மூத்தவர் ஒருவர், ஓய்வுக்கு ஆறேழு வருஷம் பாக்கி இருந்தவர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ எதுக்கெடுத்தாலும் எக்செல் போடுவியே, எனக்கு ஒண்ணு போட்டுத் தரணும்."

விஷயம் இதுதான். அவருடைய தாத்தா பசிபிக் போரிலிருந்து ஒரு ஜப்பானிய ரைபிளைக் கொண்டுவந்திருந்தார். தாத்தாவுக்குப் பிறகு அது அப்பாவிடம் இருந்தது. அப்பா வேட்டைக்குப் போகாதவர், அதனால் அலமாரிக்குள்ளேயே கிடந்தது. அப்பாவும் போன பிறகு இவர் கைக்கு வந்திருக்கிறது. நவம்பரில் மான் வேட்டைப் பருவம் தொடங்கும்போது ஒருமுறையாவது அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வடக்கே காட்டுக்குப் போக வேண்டும் என்று ஆசை. ஆனால் அதற்கான தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது. கிடைத்தாலும் விலை அதிகம். வேறு ஒரு தோட்டாவுக்குத் துப்பாக்கியை மாற்றிவிட்டால் என்ன? மாற்றுவதென்றால் எதற்கு?

எனக்குத் துப்பாக்கி அனுபவம் என்றால், கல்லூரி என்.சி.சி.யில் குப்புறப் படுத்துக்கொண்டு .22 ரைபிளில் சுட்ட அஞ்சு ரவுண்டுதான். அதில் மூன்று பக்கத்து ஆளின் அட்டையில் விழுந்தது. ஆனால் ஒப்பீட்டுப் பட்டியல் என்று ஒருவர் சொல்லிவிட்டால் எனக்குக் கை பரபரக்கும். அன்று ராத்திரியே படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

*

துப்பாக்கியின் பெயர் டைப் 38. மெய்ஜி ஆட்சியின் 38ஆம் ஆண்டு என்று அர்த்தம், அதாவது 1905. பொதுவாக அரிசாகா என்பார்கள். போல்ட் ஆக்‌ஷன். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மறுபடி மடக்கினால் ஒரு தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் மாதிரியேதான், ஆனால் இந்தத் தாழ்ப்பாளுக்கு முன்னால் வெடிமருந்து எரிகிறது.

தோட்டா என்றதும் நாம் குண்டை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது நான்கு பொருள்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. அந்தக் கூட்டின் வடிவத்துக்கு அளவெடுத்த மாதிரி குழலின் பின்பக்கம் ஓர் அறை குடைந்திருப்பார்கள். மருந்து எரியும்போது பித்தளை விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வாயு பின்னால், சுடுகிறவரின் முகத்தை நோக்கி வராமல் தடுப்பது இந்த ஒட்டல்தான். எஃகு பலம் தருகிறது, அடைப்பது பித்தளை. அதனால்தான் அறையும் கூடும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இன்டர்ஃபேஸ் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

பழைய ராணுவ ரைபிளுக்குப் புதுத் தோட்டா பொருத்துவது அமெரிக்காவில் ஒரு பெரிய மரபு. இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு மௌசர், ஸ்பிரிங்ஃபீல்டு, என்ஃபீல்டு, அரிசாகா என்று உபரி ரைபிள்கள் மலிந்து கிடந்தன. பட்டறைக்காரர்கள் அவற்றைக் கடைந்து வேட்டைத் துப்பாக்கிகள் ஆக்கினார்கள். பி.ஓ. ஆக்லி என்பவர் இதில் பெரிய பெயர். எந்த நாட்டு ரைபிள் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, மருந்தைக் கூட்டிக்கொண்டே போய் வெடிக்க வைத்துச் சோதித்தவர். அந்தச் சோதனையில் மற்றவற்றைவிட அதிகம் தாங்கியது, போர்க்காலத்தில் எல்லோரும் மட்டமான சரக்கு என்று கேலி செய்த ஜப்பானிய டைப் 38.

எந்தத் தொழிற்சாலையும் தயாரிக்காமல் இப்படிப் பட்டறையில் பிறக்கும் தோட்டாக்களுக்கு வைல்ட்கேட் என்று பெயர், காட்டுப்பூனை. அரிசாகாவுக்கென்றே ஒரு பிரபலமான காட்டுப்பூனை உண்டு: 6.5×257 ராபர்ட்ஸ். அதன் வம்சாவளி வேடிக்கையானது. 1890களில் ஜெர்மனியின் மௌசர் 7×57 என்று ஒரு தோட்டாவைக் கொடுத்தது. அதன் கழுத்தைச் சுருக்கி அமெரிக்காவில் .257 ராபர்ட்ஸ் செய்தார்கள், 1934இல் ரெமிங்டன் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. போருக்குப் பிறகு அதே கூட்டின் கழுத்தை மறுபடி 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவாக விரித்து ஜப்பானியக் குழலுக்குப் பொருத்தினார்கள். புதுக் குழல் வேண்டாம். இருக்கிற அறையை ரீமர் போட்டுக் கொஞ்சம் குடைந்தால் போதும். ஜப்பானியக் கூடு கிடைக்காத காலத்தில் இது பெரிய விஷயம்.

ஆக, என் பட்டியலில் மூன்று வரிசைகள். ஒன்று, பழைய ஜப்பானிய 6.5லேயே விட்டுவிடுவது. ஸ்வீடனின் நார்மா போன்றவர்கள் இன்னும் தோட்டா செய்கிறார்கள். இரண்டு, 6.5×257. மலிவான வேலை, ஆனால் ஒவ்வொரு தோட்டாவையும் நாமே செய்துகொள்ள வேண்டும். மூன்று, குழலையே மாற்றி 6.5 கிரீட்மூர் போடுவது. 2007இல் வந்த தோட்டா, எல்லாக் கடையிலும் கிடைக்கும், செலவு துப்பாக்கியின் மதிப்பைத் தாண்டிப் போகும். ஒவ்வொன்றுக்கும் வேகம், உதை, செலவு, கிடைக்கும் வசதி என்று பத்திகள் போட்டு, ஒவ்வொரு பத்திக்கும் இத்தனை மார்க் என்று எடை கொடுத்தேன். இரண்டாவதுதான் ஜெயித்தது.

நண்பருக்குச் சந்தோஷம். "அதுக்கு முன்னாடி அசல் தோட்டாவுல ஒரு பெட்டியாவது சுட்டுப் பாத்துடறேன். தாத்தா சுட்ட மாதிரி" என்றார். இருபது தோட்டா ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்.

*

நல்லவேளையாக, சுடுவதற்கு முன் பட்டறைக்குப் போனோம். ஊருக்கு வெளியே, பண்ணை இயந்திரங்கள் பழுது பார்க்கும் கொட்டகை ஒன்றின் பின்னறைதான் பட்டறை. அங்கே இருந்த பெரியவர் என் பட்டியலைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். "நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒரே கேள்வி:

"இப்ப உள்ள என்ன அறை இருக்குன்னு பாத்தீங்களா?"

"ஜப்பான் 6.5 தானே?" என்றார் நண்பர்.

"அது 1905இல."

அவர் ஒரு சின்னக் கிண்ணத்தில் வெள்ளி நிறக் கட்டி ஒன்றை உருக்கினார். செர்ரோசேஃப் என்று பெயர், பிஸ்மத் கலந்த உலோகம். தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு முன்பே உருகிவிடும். குழலுக்குள் ஒரு துணியை அடைத்து, அறைக்குள் அதை ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் இறுகியது. வெளியே தட்டி எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "ஒரு மணி நேரம் ஆகட்டும்" என்றார். இறுகும்போது அது முதலில் சுருங்கும், பிறகு மெல்ல விரியும், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில்தான் அறையின் அசல் அளவுக்கு வரும். உண்மை தெரிய அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். காபி குடித்தோம்.

வெர்னியரை வைத்து அளந்தார். புத்தகத்தைப் புரட்டினார். சிரித்தார்.

"உங்க தாத்தா உங்க பட்டியலை எழுபது வருஷத்துக்கு முன்னாடியே போட்டுட்டார்."

அறை ஏற்கெனவே 6.5×257. குழலில் எங்கேயும் அதைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அப்பட்டமான டைப் 38.

"அந்த நார்மா தோட்டாவைப் போட்டுச் சுட்டிருந்தா?" என்று கேட்டேன்.

பெரியவர் பயமுறுத்தவில்லை. அது சின்னக் கூடு, அறை பெரிசு. ஒருவேளை கூடு வீங்கி வெளியே வந்திருக்கும். ஒருவேளை கிழிந்து வாயு பின்னால் வந்திருக்கும். அரிசாகா பலமான துப்பாக்கி, ஆள் பிழைத்திருப்பார். "கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தா நல்லது" என்றார், அவ்வளவுதான். பிறகு ஒரு கதை சொன்னார். 1959இல் அமெரிக்கன் ரைபிள்மேன் இதழில் வந்தது. யாரோ ஒருவர் தன் டைப் 38இன் அறையை .30-06 தோட்டாவுக்குக் குடைந்திருக்கிறார். குழலை மாற்றவில்லை. 7.8 மில்லிமீட்டர் குண்டு 6.5 மில்லிமீட்டர் குழலுக்குள் பிதுங்கிக்கொண்டு போயிருக்கிறது. அவர் அதை வைத்து மான்கூட அடித்துவிட்டார். உதை கொஞ்சம் ஜாஸ்தியாக இருக்கிறதே என்பதுதான் அவருடைய குறை. துப்பாக்கி தாங்கிவிட்டது. "ஆனா எல்லாத் துப்பாக்கியும் அரிசாகா இல்ல" என்று முடித்தார்.

திரும்பும் வழியில் நண்பர் பேசவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னார். தாத்தாவின் கராஜில் ஒரு காபி டப்பா நிறையப் பித்தளைக் கூடுகள் இருந்தனவாம். எல்லாவற்றின் அடியிலும் .257 ராபர்ட்ஸ் என்று அச்சடித்திருந்தது. காட்டுப்பூனைத் தோட்டாவின் கூட்டில் அதன் தாய்த் தோட்டாவின் பெயர்தான் இருக்கும். தொழிற்சாலை போட்ட முத்திரையை யார் மாற்றப்போகிறார்கள்? "இது வேற ஏதோ துப்பாக்கியோடது" என்று அப்பா அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார். துப்பாக்கி ஒரு பொய்யையும் தோட்டா இன்னொரு பொய்யையும் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் உயிரோடு இல்லை.

*

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் துப்பாக்கி இல்லை.

ஆன்சைட் வருவதற்கு முன்பு கோயம்புத்தூரில் வேறு ஓர் இடத்தில் இருந்தேன். மருத்துவமனைகளுக்கான மென்பொருள். அதில் நோயாளியின் எடையைச் சேமிக்கும் ஒரு புலம் உண்டு. அதன் பெயரிலேயே கிலோ என்று இருக்கும். புதிதாக வந்த ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளரின் எடை இயந்திரம் பவுண்டில் அனுப்பியது. புதுப் புலம் சேர்க்க வேண்டுமென்றால் ஏழெட்டு இடத்தில் அனுமதி வாங்க வேண்டும், ஒரு மாசம் ஆகும். நான் என்ன செய்தேன் என்றால், அந்த ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் அதே புலத்தில் பவுண்டையே போட்டுவிட்டு, திரையில் காட்டும்போது 2.2ஆல் வகுத்துக் கிலோ ஆக்கினேன். நாலு வரி. அற்புதமாக வேலை செய்தது. எங்கும் எழுதி வைக்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

நான் வேலை மாறிப் போய் மூன்று வருஷம் கழித்து, குழந்தைகளுக்கு மருந்தளவு கணக்கிடும் பகுதி ஒன்றை ஒரு ஜூனியர் பையன் எழுதினான். கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு. அவன் திரையிலிருந்து எடுக்கவில்லை, நேராகப் புலத்திலிருந்து எடுத்தான். புலத்தின் பெயரில்தான் கிலோ என்று இருக்கிறதே. பத்துக் கிலோ குழந்தை அங்கே இருபத்திரண்டு.

ஒரு நர்ஸ் சந்தேகப்பட்டாள். "இந்தக் குழந்தைக்கு இவ்வளவு மருந்தா?" என்று கொடுக்காமல் நிறுத்திக் கேட்டாள். அதனால் எதுவும் நடக்கவில்லை. இதை எழுதும்போதுகூட, அந்த ராத்திரி டியூட்டியில் இருந்தது அலுப்பில் இருந்த வேறு யாராவதாக இருந்திருந்தால் என்று தோன்றாமல் இல்லை.

விசாரணைக் கூட்டத்தில் பையன் எழுந்து நின்று, "நான் சரிபார்க்கல சார்" என்று ஒப்புக்கொண்டான். பழைய நிரலின் வரலாறு வேறு இடத்துக்கு மாற்றியபோது அழிந்துபோயிருந்தது. யார் எழுதிய நாலு வரி என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் எப்படியோ என் நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டான்.

"அண்ணா, அந்த வெயிட்ல பவுண்டு போட்டது யாருன்னு உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்குங்களா?"

"இல்லப்பா. ரொம்ப நாளாச்சு" என்றேன்.

ஞாபகம் இருந்தது. எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன் என்பதுவரை ஞாபகம் இருந்தது.

*

தாத்தா செய்தது தவறா? அதை நான் பலமுறை எனக்குள் வாதாடிப் பார்த்திருக்கிறேன், அவருக்கு வக்கீலாக இருப்பது எனக்கும் சௌகரியம் என்பதால்.

முதல் வாதம்: அது அவருடைய துப்பாக்கி. அவருக்குத் தெரியும், அவர்தான் சுடப்போகிறார். யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. சரிதான். ஆனால் எஃகு மனிதனைவிட அதிக நாள் இருக்கும். 1905இல் வடிவமைத்த ஒரு பொருளை நூறு வருஷம் கழித்தும் ஒருவர் காட்டுக்கு எடுத்துப் போக நினைக்கிறார். நாம் செத்த பிறகும் வேலை செய்யப்போகும் ஒரு பொருளை "என்னுடையது" என்று சொல்வது, ரயிலில் நம் இருக்கையை நம்முடையது என்று சொல்வது மாதிரி. அடுத்த ஸ்டேஷன்வரை உண்மை.

இரண்டாம் வாதம்: சரிபார்க்க வேண்டியது எடுத்துப் பயன்படுத்துகிறவர் கடமை. பட்டறைப் பெரியவர் அதைத்தானே செய்தார்? இதுவும் சரி. ஆனால் பொறுப்பு என்பது ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை, அவர் பாதி குடித்தால் எனக்குப் பாதி குறைய. அவர் சரிபார்த்திருக்க வேண்டும் என்பது முழு உண்மை. நான் சொல்லியிருக்க வேண்டும் என்பதும் முழு உண்மை. அந்தப் பையன் "நான் சரிபார்க்கல" என்று சொன்னபோது அவன் பங்கைத்தான் சொன்னான். என் பங்கு சொல்லப்படாமல் அப்படியே இருந்தது.

மூன்றாவதுதான் கொஞ்சம் கடினம்: எல்லாம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைத்துக்கொண்டிருந்தால் யாரும் வேலை செய்ய முடியாது. தத்துவ வகுப்பில் தீசியஸின் கப்பல் என்று ஒரு புதிர் சொல்வார்கள். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவிட்டால் அது அதே கப்பலா? எனக்கு அந்தக் கேள்வியைவிட இன்னொன்று முக்கியமாகப் படுகிறது: எந்தப் பலகையை மாற்றினோம் என்று அடுத்த மாலுமிக்குத் தெரியுமா?

எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. குழலையே மாற்றியிருந்தால் புது எஃகின் நிறமே சொல்லிவிடும். கட்டையைச் சீவியிருந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: உருவம் அப்படியே இருந்து உள்ளே பொருள் மட்டும் மாறும் இடத்தில். அறை அப்படிப்பட்ட இடம். என் புலமும் அப்படித்தான். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்ததும் அப்படி ஓர் இடத்தில்தான். கைவிட்டுப்போன பழைய நிரலை இயக்கிய அதே ஃபிளாகைப் புது வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புது நிரல் ஏறவில்லை. அங்கே ஃபிளாகுக்குப் பழைய அர்த்தமே இருந்தது. பழைய பெயர், புதுப் பொருள். அங்கேதான் சொல்லாமல் விடுவது பொய் ஆகிறது.

வாய்மைக்கு வள்ளுவர் தரும் விளக்கம் எனக்கு முன்பெல்லாம் விநோதமாக இருக்கும். நடந்ததை நடந்தபடி சொல்வது என்று அவர் சொல்லவில்லை. பிறருக்குத் தீமை தராத சொல் என்கிறார். பள்ளிக்கூடத்தில் அதை, நல்லது நடக்குமென்றால் பொய் சொல்லலாம் என்பதற்கான அனுமதிச் சீட்டாகத்தான் புரிந்துகொண்டோம். திருப்பிப் போட்டுப் பார்த்தால் அது எவ்வளவு கண்டிப்பானது! தீமைதான் அளவுகோல் என்றால், நான் ஒரு சொல்கூடப் பொய் சொல்லாத இடத்திலும் வாய்மை தவறியிருக்க முடியும். என் நாலு வரியில் எந்தப் பொய்யும் இல்லை. கணக்கு சரியாகவே இருந்தது.

*

தோட்டா உலகம் இந்தப் பாடத்தை ரத்தம் சிந்திப் படித்திருக்கிறது. ஜெர்மனி தன் 8 மில்லிமீட்டர் ரைபிளை 1888இல் கொண்டுவந்தபோது குண்டின் விட்டம் 8.08 மி.மீ. 1905 வாக்கில் அதை 8.20 ஆக்கினார்கள். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு, கூடு பார்க்க ஒரே மாதிரி. பெரிய குண்டைச் சின்னக் குழலில் சுட்டுவிடக்கூடாதே என்ற பயத்தில், அமெரிக்கத் தோட்டாத் தொழில் 8×57க்கு இன்றுவரை ஏறத்தாழ 35,000 பி.எஸ்.ஐ. என்ற மிதமான அழுத்த வரம்பை வைத்திருக்கிறது. ஐரோப்பிய வரம்பு 56,000க்கும் மேல். நூற்றாண்டு தாண்டியும், எங்கோ ஒரு வீட்டுப் பரணில் பழைய குழல் ஒன்று இருக்கலாம் என்பதற்காக, முகம் தெரியாத அந்த ஆளுக்காக, மற்ற எல்லோரும் குறைந்த வேகத்தில் சுடுகிறார்கள். ஒரு தொழிலின் அறம் என்று எதையாவது சொல்வதென்றால் நான் இதைச் சொல்வேன்.

இன்னொன்று ஸ்பிரிங்ஃபீல்டு 1903. ஆரம்ப காலத்தில் அதன் உடற்பகுதியைச் சூடாக்கும்போது எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்துத்தான் வெப்பத்தைக் கணித்தார்கள். வெயில் நாளில் ஒரு மாதிரி தெரியும், மேகமூட்டத்தில் வேறு மாதிரி. 1917இல் சில ரைபிள்கள் வெடித்த பிறகு சோதித்தால், வெளிச்சத்தைப் பொறுத்து 300 டிகிரி ஃபாரன்ஹீட்வரை பிசகியிருந்தது தெரிந்தது. ராணுவம் அவற்றை உடனே அழிக்கவில்லை. 1920களின் கடைசியில்கூட, படைகளிடம் இருப்பது இருக்கட்டும், பழுதுக்கு வரும்போது ஒதுக்கிக்கொள்ளலாம் என்றே முடிவெடுத்தார்கள். அது நல்ல முடிவு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு நல்ல காரியம் இருந்தது: ஒவ்வொரு ரைபிளிலும் வரிசை எண் உண்டு. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் செய்ததென்றால் 8,00,000க்குக் கீழே உள்ள எண்ணைச் சுடாதே என்று இன்றைக்கும் எந்தப் பழைய துப்பாக்கிக் கடைக்காரரும் சொல்வார். மட்டமான எஃகு, ஆனால் அதில் பொறித்த எண் இன்னும் ஆட்களைக் காப்பாற்றுகிறது. நண்பரின் அரிசாகா இதற்கு நேர் எதிர். அருமையான எஃகு, ஊமை.

*

அதுவும் முழு ஊமை இல்லை. உடற்பகுதியின் தலையில் ஒரு வட்டத் தழும்பு இருந்தது. அங்கே பதினாறு இதழ் சாமந்தி இருந்திருக்க வேண்டும், ஜப்பானியப் பேரரசரின் முத்திரை. சரணடைந்து ஒப்படைக்கும் முன் அதை அரம் வைத்துத் தேய்த்துவிடுவது வழக்கம். பேரரசரின் சின்னம் எதிரி கையில் போகக் கூடாது. போர்க்களத்தில் கைப்பற்றியவற்றில் பெரும்பாலும் பூ அப்படியே இருக்கும். "தாத்தா சண்டையில் ஒரு ஆளை வீழ்த்தி எடுத்தது" என்பது அவர்கள் குடும்பத்தின் கதை. தேய்த்த பூ வேறு கதை சொன்னது. நண்பர் அதைக் கேட்டு வருத்தப்படவில்லை. "யாரையும் கொல்லாம கிடைச்சிருந்தா நல்லதுதானே" என்றார்.

அந்தத் தழும்பைத் தொட்டபோது எனக்கு வேறு ஞாபகம் வந்தது. என் அப்பாயியின் அண்ணன் மலாயாவில் தோட்டக்கூலி. 1943இல் ஜப்பானியர் சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதோடு கடிதம் நின்றுவிட்டது. 415 கிலோமீட்டர் பாதை. மலாயாவிலிருந்து போன தமிழர்கள் உள்பட ஆசியக் கூலிகள் பல பத்தாயிரம் பேர் அதில் செத்தார்கள். காவலுக்கு நின்றவர்கள் தோளில் இருந்தது இந்த வகைத் துப்பாக்கிதான். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000 இருக்கின்றன, வரிசை வரிசையாக, பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது. எங்கள் அப்பாயியின் அண்ணனுக்கு அப்படி ஒரு கல் எங்கேயும் இல்லை. பொறித்தவர்களைத் தேடிப் பேரப்பிள்ளைகள் போகிறார்கள். பொறிக்காதவர்களைத் தேடி எங்கே போவது?

இந்தத் துப்பாக்கியை வெட்டி உருக்கிவிடலாமே என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. அது என் பொருள் இல்லை என்பது ஒரு காரணம். உருக்கினால் அந்தத் தழும்பும் போய்விடும் என்பது இன்னொன்று.

*

பட்டியலைத் திரும்ப எடுத்து ஒரு பத்தி சேர்த்தேன்: "அடுத்த கை". நமக்குப் பிறகு, நம்மிடம் கேட்க முடியாத ஒருவர் இதை எடுத்தால் அவருக்கு என்ன தெரியும்? எடை கொடுப்பதற்கு எனக்கு எந்த எண்ணும் தோன்றவில்லை. எண் போடாமலே விட்டேன். கிரீட்மூர் அந்தப் பத்தியில் ஜெயிக்கும் என்று நினைத்தேன், எல்லாக் கடையிலும் கிடைப்பது, எல்லோருக்கும் தெரிந்தது. நண்பர் வேறு மாதிரி யோசித்தார். இனி இதிலிருந்து ஒரு சுருள் எஃகுகூட எடுக்க வேண்டாம், தாத்தா குடைந்த அறை அப்படியே இருக்கட்டும், அவர் எழுதாததை மட்டும் நாம் எழுதுவோம் என்றார்.

பர்மிங்ஹாமில் 1813இலிருந்து இதற்கென்றே ஒரு சோதனைச்சாலை இருக்கிறது. பிரிட்டனில் அறையை மாற்றிய துப்பாக்கியை மறுசோதனை செய்து முத்திரை வாங்காமல் விற்க முடியாது. அமெரிக்காவில் அப்படிச் சட்டம் கிடையாது. நாமேதான் செய்துகொள்ள வேண்டும். பெரியவர் சின்ன எழுத்து உளிகளை வரிசையாக அடுக்கி, சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். தேய்த்த பூவுக்கு ஓர் அங்குலம் முன்னால், குழலின் மேல், 6.5×257 ராபர்ட்ஸ். ஐந்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது. "பழம்பொருள் சேகரிக்கறவங்க இதைப் பாத்தா திட்டுவாங்க" என்றார் பெரியவர். "திட்டட்டும், கண்ணு இருக்குமில்ல" என்றார் நண்பர்.

அந்த ஐந்தின் படத்தை எடுத்துக்கொண்டேன். அன்று ராத்திரி, கோயம்புத்தூரில் விடிந்திருக்கும் நேரம் பார்த்து, அந்தப் பையனுக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: அந்தப் பவுண்டு நான் போட்டது. ஞாபகம் இல்லை என்று சொன்னது பொய். உன் மேலாளருக்கும் இதையே எழுதி அனுப்புகிறேன், அவர் மெயில் ஐடி கொடு.

இரண்டு நீல டிக் விழுந்து ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது.

"தெரியும்ண்ணா. வேரியபிளுக்குப் பேர் வெக்கிற விதத்துல அன்னைக்கே தெரிஞ்சுது. நீங்களா சொல்வீங்களான்னு பாக்கத்தான் போன் பண்ணேன்."

அதற்குக் கீழேயே மெயில் ஐடியும் இருந்தது.